ஆமைக்கு முன்னால் இருபது நிமிடம்

"அங்கே போய் என்ன பார்க்கப் போகிறீர்கள் பெரியப்பா? ஒன்றுமே கிடையாது. மான், மயில், பாம்பு, அவ்வளவுதான்" என்றான் தம்பி மகன். கிண்டி சிறுவர் பூங்காவைச் சொன்னான். சனிக்கிழமை பேத்தியை எங்கே அழைத்துப்போவது என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவன் கட்சி வண்டலூர். வெள்ளைப் புலி இருக்கிறதாம், சிங்கம் இருக்கிறதாம், யானை இருக்கிறதாம். ஐந்து வயதுப் பெண்ணுக்கு நான் ஓரவஞ்சனை செய்வதுபோல ஒரு பார்வை வேறு.

நான் கிண்டிக்குத்தான் அழைத்துப்போனேன். ஏன் என்று அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன், அவனும் படிக்கட்டும்.

முதலில் வண்டலூர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். அது 602 ஹெக்டேர். புலிக்கு ஓட இடம் இருக்கிறது, ஒளிய மரம் இருக்கிறது. விலங்குக்கு அதுதான் நியாயம். ஆனால் ஐந்து வயதுக் காலுக்கு? இரண்டு வருடத்துக்கு முன்னால் பேரனை அங்கே அழைத்துப்போனோம். பாதி தூரத்தில் அவன் என் தோளில் ஏறிவிட்டான். புலி இருந்த இடத்துக்குப் போனபோது அது தூரத்தில் ஒரு புதர் நிழலில் படுத்திருந்தது. பெரியவர்கள் நாங்கள் கழுத்தை நீட்டி, "அதோ, அதோ, வால் தெரிகிறது" என்று குதூகலித்தோம். பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். தப்பு புலியுடையதும் இல்லை, பூங்காவுடையதும் இல்லை. எங்களுடையது.

எனக்கு அறுபது நெருங்குகிறது. நான் பார்த்த முதல் மிருகக்காட்சி சாலை மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்தது. அந்தக் காலத்துச் சென்னைவாசிகளுக்கு எழும்பூர் அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்'. பார்க் டவுன் மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. இந்த இரண்டு பெயரையும் வைத்த மகராசன் யாரோ, அவனைவிடப் பொருத்தமாக எவராலும் வைத்திருக்க முடியாது. உண்மையில் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பால்ஃபோர் 1855-இல் அங்கேயே உயிருள்ள விலங்குகளையும் சேர்க்கத் தொடங்கினார். பிறகுதான் அவை பார்க் டவுனுக்குப் போயின. 1985-இல் அந்தக் காட்சி சாலையே இடம் மாறி வண்டலூரில் திறந்தது. மூர் மார்க்கெட் தீக்கிரையானதும் அதே வருடம்தான். என் சிறுவயதின் ஒரு மூலையே அந்த ஒரு வருடத்தில் காலியாகிவிட்டது.

உயிர் காலேஜில் அப்பா என்னைப் புலிக் கூண்டின் முன்னால் தூக்கிக் காட்டியது நினைவிருக்கிறது. ஆனால் புலியின் முகம் நினைவில்லை. கம்பிக்கு நடுவில் புகுந்து உள்ளே போய், புலியின் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து எதையோ கொறித்துவிட்டு, அவசரமே இல்லாமல் வெளியே வந்த ஓர் அணில் அப்படியே நினைவிருக்கிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அணிலைப் பற்றித்தான் பேசினேனாம். "டிக்கெட் வாங்கி அணிலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்" என்று அப்பா பல வருடம் சொல்லிச் சிரித்தார்.

இந்த அணில்தான் என் வாதம். 'சிங்கம் இல்லை, புலி இல்லை, அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது, காசுக்கு வேஸ்ட்' என்று சின்னப் பூங்காக்களைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவர்கள் எல்லோரும் பெரியவர்கள். கல்யாணப் பந்தியில் எத்தனை வகைப் பாயசம் என்று எண்ணுகிற மாதிரி விலங்குகளை எண்ணுகிறோம். குழந்தைக்கு எண்ணிக்கையில் அக்கறை இல்லை. அசைகிற ஒன்று வேண்டும், அது பக்கத்தில் இருக்க வேண்டும், தன்னை யாரும் "வா, வா" என்று இழுக்காமல் இருக்க வேண்டும்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். சிறுவர் பூங்காவும் அதை ஒட்டிய பாம்புப் பண்ணையும் ஒரே மூச்சில் பார்த்துவிடக்கூடியவை. பூங்கா 22 ஏக்கர், அவ்வளவுதான். பின்னால் காடு. கிண்டி தேசியப் பூங்கா மொத்தமே 2.7 சதுர கிலோமீட்டர். ஒரு பெருநகரத்தின் வயிற்றுக்குள் மானும் நரியும் வாழ்கிற இடம். அந்தப் பக்கம் சர்தார் பட்டேல் சாலையில் பஸ் ஹாரன், இந்தப் பக்கம் கொம்போடு நிற்கிற புள்ளிமான். சென்னைக்காரர்களுக்கு இது பழகிவிட்டது. வெளியூர் விருந்தாளிகளை அழைத்துப்போய்ப் பாருங்கள், அவர்கள் முகத்தில் தெரியும்.

வெளிமான் முன்னால் கொஞ்ச நேரம் நின்றோம். முறுக்கிவிட்ட கொம்பும் கருத்த முதுகும் ஆணுக்கு மட்டும்தான். பெண் வெளிறிய பழுப்பு, கொம்பில்லாமல் இருக்கும். இதைச் சொன்னதும் பேத்தி, "அப்பா மான் மட்டும் டிரஸ் பண்ணிக்கொண்டிருக்கிறது" என்றாள். நியாயமான பார்வை. கூழைக்கடா தன் பை போன்ற தாடையைத் திறந்து மூடியதை மூன்று முறை பார்க்க வேண்டுமென்றாள். பார்த்தோம். முள்ளம்பன்றி மூலையில் சுருண்டு கிடந்தது. அது முள்ளை அம்பு மாதிரி எய்யும் என்று பக்கத்தில் ஒருவர் தன் மகனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எய்யாது. முள் குத்தினால் கழன்றுகொள்ளும், அவ்வளவுதான். சொல்லலாமா என்று யோசித்து, அப்பாவை மகன் முன்னால் திருத்துவது அழகில்லை என்று விட்டுவிட்டேன்.

பாம்புப் பண்ணை, பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது. 1972-இலிருந்து கிண்டியில் இருக்கிறது. அங்கேதான் நட்சத்திர ஆமை. யாரோ கீரையோ புல்லோ போட்டிருந்தார்கள். ஓர் ஆமை மட்டும் அதை நோக்கிக் கிளம்பியது. கிளம்பியது என்றால், ஒரு முன்னங்காலைத் தூக்கி, கொஞ்ச நேரம் யோசித்து, பிறகு கீழே வைத்தது. ஓட்டில் ஒவ்வொரு மேட்டின் உச்சியிலிருந்தும் மஞ்சள் கோடுகள் கிளைத்து இறங்குகின்றன, மார்கழிக் கோலத்தில் கம்பி இழுத்த மாதிரி. இலைக்குப் பக்கத்தில் வந்ததும் கழுத்து வெளியே வந்தது, இன்னும் கொஞ்சம் வந்தது, சுருக்கம் சுருக்கமாக. வாயைத் திறந்தபோது உள்ளே வெளிர் சிவப்பு நாக்கு. பல் கிடையாது, அலகு மாதிரி விளிம்பால் இலையைக் கவ்வி, முன்காலால் மறுமுனையை மிதித்துக்கொண்டு, தலையைப் பின்னால் இழுத்துக் கிழித்தது. கிழிபடும்போது மெல்லிய சத்தம் வந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் பேத்தி என் விரலை இறுகப் பிடித்தாள்.

இருபது நிமிடம் அங்கேயே நின்றோம். கடிகாரம் பார்த்துத்தான் சொல்கிறேன். அவள் கடிகளை எண்ணினாள். பதினொன்றுக்கு மேல் எண்ணிக்கை குழம்பியது; திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினாள். நடுவில் ஆமை கண்ணை மூடிக்கொண்டது. "சாப்பிட்டுக்கொண்டே தூங்குகிறது தாத்தா, அம்மா பார்த்தால் திட்டுவாள்" என்றாள்.

அந்த இருபது நிமிடத்தில் எத்தனை குடும்பங்கள் எங்களைக் கடந்து போயின என்பதையும் கவனித்தேன். ஏறத்தாழ எல்லாம் ஒரே மாதிரி. "இதோ பார் ஆமை. பார்த்தாயா? சரி, வா." சிலர் குழந்தையைக் கம்பியோரம் நிறுத்தி, முகத்தை இந்தப் பக்கம் திருப்பி, "சிரி" என்றார்கள். யோசித்துப் பாருங்கள், விலங்கைக் காட்ட அழைத்துவந்து, விலங்குக்கு முதுகைக் காட்டி நிற்கவைக்கிறோம். வீட்டில் போய்ப் படத்தில் பார்த்துக்கொள்ளலாமாம்.

இதுவாவது யாருக்கும் கெடுதல் இல்லை. அடுத்தது அப்படியல்ல. முதலை ஒன்று வாயைப் பிளந்தபடி அசையாமல் வெயிலில் கிடந்தது. உடம்புச் சூட்டைச் சமன் செய்துகொள்ள அவை அப்படிக் கிடக்கும். நன்றாகப் படித்த தோற்றமுள்ள ஒருவர், கையில் குழந்தை வேறு, "பொம்மையாக இருக்குமோ?" என்று சொல்லி ஒரு சின்னக் கல்லைக் குனிந்து எடுத்தார். எறிவதற்குள் என் மனைவி, "சார், அது உங்களைப் பொம்மை என்று நினைத்திருக்குமோ என்னவோ" என்றாள். கல் கீழே விழுந்தது. முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய குரல் அது.

பாம்புக் கண்ணாடியைத் தட்டுகிறவர்கள் இன்னொரு ஜாதி. பாம்புக்கு வெளிக்காது இல்லை. அதிர்வை உடம்பால் உணர்கிற பிராணி அது. நம் வீட்டுச் சுவரை ஒருவன் காலையிலிருந்து சாயங்காலம் வரை இடித்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? 1972-ஆம் வருட வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் 38ஜே என்று ஒரு பிரிவு உண்டு. உயிரியல் பூங்காவில் விலங்கைச் சீண்டுவது, உணவு போடுவது, கூச்சல் போட்டுக் கலவரப்படுத்துவது, குப்பை போடுவது எல்லாம் குற்றம். ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. கண்ணாடியைத் தட்டியதற்காக யாரும் உள்ளே போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. பக்கத்தில் நிற்கிற நாம் வாயைத் திறந்தால் போதும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நமக்குத்தான் கூச்சம்.

சின்ன இடம் என்றாலே நல்ல இடம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். சில வருடங்களுக்கு முன்னால் வேறொரு ஊரில் ஒரு சிறு காட்சிசாலைக்குப் போனேன், பெயர் வேண்டாம். சிமெண்டுத் தரை, துருப்பிடித்த கம்பி, ஒற்றைக் குரங்கு. அது ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போய், சுவரைத் தொட்டு, திரும்பி வந்துகொண்டே இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. பெயர்ப் பலகையில் எழுத்து முழுக்க உரிந்துபோயிருந்தது. டிக்கெட் கொடுத்தவரிடம் கேட்டேன். "குரங்குக்கு எதற்கு சார் போர்டு?" என்றார். அன்றைக்குப் பேத்தி கூட இல்லாததற்கு நிம்மதிப்பட்டேன்.

கோயம்புத்தூர் வ.உ.சி. பூங்காவின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். நகர நடுவில், மாநகராட்சியின் கையில், தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் போய்வந்த இடம். விலங்குகளுக்கு இடம் போதாது என்பதால் 2022-இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அங்கீகாரத்தை ரத்து செய்தது. அந்த ஊர் நண்பர்கள் சிலர் இன்னமும் அதை நினைத்து வருத்தப்படுகிறார்கள். எனக்கும் வருத்தம்தான், ஆனால் ஆணையத்தின் பக்கம்தான் நிற்பேன். நம் பிள்ளைகளின் மலரும் நினைவுகளுக்காக ஒரு பிராணி ஆயுசு முழுக்க நெருக்கடியில் கிடக்க வேண்டியதில்லை. இடம் சின்னது என்றால் அதற்கேற்ற உயிர்களை வைக்க வேண்டும். ஆமைக்கும் பாம்புக்கும் உடும்புக்கும் போதுமான இடம் புலிக்குப் போதாது. ஆகவே சின்னப் பூங்காவில் புலி இல்லை என்று குறைப்படுகிறவர்களே, புலி இல்லாததுதான் அந்த இடத்தின் யோக்கியதை.

இன்னொன்று. சின்ன இடத்தில்தான் பராமரிப்பாளர் நின்று பேசுகிறார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போன ஒருமுறை இதைப் பார்த்தேன். அதுவும் விட்டேக்கர் 1976-இல் தொடங்கியதுதான். அந்த வளாகத்தில் இருளர் கூட்டுறவு சங்கத்தினர் பாம்பின் நஞ்சை எடுத்துக் காட்டுவார்கள். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். அந்த வியாபாரத்துக்குத் தடை வந்தபின் 1978-இல் சங்கமாகச் சேர்ந்து, பாம்பைக் கொல்லாமல் நஞ்சை எடுத்துவிட்டு, பிறகு காட்டிலேயே விடுகிறார்கள். நம்மைப் பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரியில் போடுகிற மருந்துக்கு மூலம் அந்த நஞ்சுதான். அன்றைக்கு அந்த மனிதர் கொக்கியால் கண்ணாடி விரியனைத் தூக்கிய விதத்தை, சலூனில் பழகிய கை கத்தியைப் பிடிக்கிற மாதிரி, எங்கள் வரிசையில் இருந்த அத்தனை குழந்தைகளும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். பயம் போகவில்லை, ஆனால் பயத்தோடு மரியாதையும் சேர்ந்தது. இதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் தோட்டத்தில் சாரைப்பாம்பைப் பார்த்தால் கட்டையைத் தேடுவதற்கு முன் ஒரு நொடியாவது நிற்பார்கள் என்று ஒரு நம்பிக்கை.

போகிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. காலையில் திறந்த உடனே போங்கள். பத்து மணிக்கு மேல் வெயிலில் மானும் படுத்துவிடும், பிள்ளையும் படுத்துவிடும். முழுவதையும் பார்த்தாக வேண்டும் என்று சபதம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நாங்கள் அன்றைக்குப் பாதியைப் பார்க்கவே இல்லை. "முழுசாகப் பார்க்காமல் வந்துவிட்டீர்களா!" என்று தம்பி மகன் தலையில் அடித்துக்கொண்டான்.

திங்கட்கிழமை சாயங்காலம் பேத்தி பள்ளிக்கூடப் பையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து, "தாத்தா, நாளைக்கு ஆமையைப் பார்க்கப் போகலாமா?" என்றாள்.

"நாளை செவ்வாய்க்கிழமை கண்ணு. அங்கே லீவு."

வாரத்தில் ஒரு நாளாவது பார்வையாளர்கள் இல்லாமல் மூடியிருக்க வேண்டும் என்பது எல்லா உயிரியல் பூங்காக்களுக்கும் உள்ள விதி. அதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவளே கேட்டாள்:

"ஆமைக்குமா லீவு?"

"ஆமைக்கும்தான்."

"அப்படியென்றால் அது எங்கே போகும்?"