ரூகரூ: சதுப்பு நிலத்தில் ஓநாய் மனிதனா?

அமெரிக்காவின் லூசியானா சதுப்பு நிலத்தில் ‘ரூகரூ’ என்ற ஓநாய்த் தலை மனிதன் உண்மையிலேயே வாழ்வதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. எலும்போ உடலோ இதுவரை கிடைத்ததில்லை.

ரூகரூ என்பது அங்கே குடியேறிய பிரெஞ்சு வழி மக்களின் நாட்டுப்புறக் கதை. ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கிறிஸ்தவர்களின் தவக்கால நோன்பை (ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு) மீறினால் ரூகரூ ஆகிவிடுவார்களாம். அதனிடமிருந்து தப்ப வாசலில் 13 சிறு பொருள்களை வைத்தால் போதும். 12-க்கு மேல் அதற்கு எண்ண வராது. விடியும்வரை திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே நிற்கும். (கணக்கில் இவ்வளவு மக்கான அரக்கனுக்கா இத்தனை பயம்!) லூசியானாவின் ஹூமா நகரில் அக்டோபரில் இதன் பெயரில் திருவிழாவே நடக்கிறது.

அந்தப் பக்கம் நிஜமாகத் திரிந்தது செந்நிற ஓநாய். அதுவும் காட்டில் அற்றுப்போனதாக 1980-இல் அறிவித்துவிட்டார்கள்.