சோற்றுப் பார்சல் வேண்டாம், ஓட்டோ அனுப்புங்கள்

போன கிழமை எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளையைப் பார்க்கப் போனேன். பத்துக் கிழமைக் கர்ப்பம். யன்னலெல்லாம் சாத்தி, பட்டப்பகலில் அறை இருட்டு. கட்டிலுக்குக் கீழே வாளி. தலைமாட்டில் பார்க்க வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன அப்பிளும் மால்ட் போத்தலும். வாய் திறந்தால் சத்தி வந்துவிடும் என்று அவள் கையாலேயே கதைத்தாள். நான் கதவடியிலேயே நின்றுகொண்டேன், என் தலையில் வைத்த எண்ணெய் மணம் அவளுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும்.

அந்த இருட்டு எனக்குப் பழக்கம். 2017 இல் இரண்டாவது பிள்ளைக்கு நான் அப்படித்தான் கிடந்தேன். திருகோணமலைக் கடற்கரையில், உப்புவெளியில் இருந்துகொண்டு மீன் மணத்துக்குத் தப்ப முடியுமா? நாலு வீடு தள்ளி யாரும் சூரை பொரித்தால் இங்கே எனக்குக் குடல் வாய்க்கு வரும். தண்ணீர் நிற்காது. எச்சில்கூட விழுங்க முடியாமல் ஒரு கோப்பையில் துப்பிக்கொண்டு கிடந்தேன். 54 கிலோ இருந்தவள் 47 ஆனேன். மாமி, பாவம், நல்ல மனுசி, "நானும் அஞ்சு பெத்தனான்தானே" என்று இஞ்சித் தேத்தண்ணியோடு வருவார். இஞ்சியும் வந்த வழியே போகும்.

முதலில் போன வைத்தியசாலையில் (பெயர் எதற்கு?) "எல்லாருக்கும் வாறதுதானே அம்மா" என்று விட்டமின் குளிசை தந்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் எழுந்து நிற்க ஏலாமல் வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். சிறுநீரில் கீற்றோன், சாப்பாடு இல்லாமல் உடம்பு தன் கொழுப்பையே எரிக்கிறது என்பதற்கு அடையாளம். உடனே வாட்டில் போட்டுச் சேலைன் ஏற்றினார்கள்.

எல்லாருக்கும் வருவது மசக்கை. பத்துக் கர்ப்பிணிகளில் ஏழெட்டுப் பேருக்கு அது வரும். இது வேறு, ஹைப்பரெமெசிஸ் என்று சொல்வார்கள், நூறு பேரில் ஒன்றிலிருந்து மூன்று பேருக்கு வரும். உடல் நிறையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறையும், நீர் வற்றும். தயமின் என்ற விட்டமின் தீர்ந்துபோனால் மூளைகூடப் பாதிக்கப்படலாம். பலருக்கு இருபதாவது கிழமையோடு தணியும், சிலருக்குப் பிள்ளை பிறக்கும் மட்டும் விடாது. ஆசைப்பட்டுச் சுமந்த பிள்ளையையே வேண்டாம் என்று கலைக்கும் நிலைக்கு வந்த பெண்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஒரு காலத்தில் டொக்டர்மாரே இதை மனநோய் என்றார்கள், பிள்ளையை விரும்பாதவளுக்குத்தான் வருமாம். 2023 டிசம்பரில் நேச்சர் சஞ்சிகையில் வந்த ஆய்வு அந்தக் கதையை உடைத்தது. நச்சுக்கொடியிலிருந்து ஜிடிஎஃப்15 என்றொரு ஹோர்மோன் தாயின் இரத்தத்துக்கு வருகிறது. கர்ப்பத்துக்கு முன் அது உடம்பில் குறைவாக இருந்தவளை, திடீரென்று கூடும்போது போட்டு அடிக்கிறது. அந்த ஆய்வில் இலங்கை ஆய்வாளர்களும் சேர்ந்திருந்தார்கள். பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ள பெண்களுக்கு அந்த ஹோர்மோன் முன்பே கூடுதலாக இருக்குமாம், அவர்களுக்குச் சத்தியும் குறைவாம். ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான மார்லெனா ஃபெய்சோ, 1999 இல் இதே நோயால் தன் பிள்ளையை இழந்தவர். மாமிமாருக்கு இதைச் சொல்லுங்கள். அவள் நடிக்கவில்லை.

நான் சொல்லவந்தது நோயைப் பற்றி மட்டும் இல்லை, நம்முடைய உதவியைப் பற்றியும்தான். நமக்குக் கைவந்த தருமம் சோறு. கோவிலில் அன்னதானம், வெள்ளம் வந்தால் சமைத்த பார்சல், வெளிநாட்டுச் சொந்தங்களின் காசில் உலருணவுப் பொதி, கொடுக்கும்போது ஒரு படம். அரசாங்கமும் அப்படித்தான், எனக்குக் கிடைத்த போசாக்கு வவுச்சரில் வாங்கிய நெத்தலிக் கருவாட்டை வீட்டுக்குள் கொண்டுவர விடாமல் நான் கத்தியது இவருக்கு இன்னும் பகிடி. நல்ல எண்ணத்தில் தருவதுதான், மறுக்கவில்லை. ஆனால் சாப்பாடே எதிரியாகிப்போன ஒருத்தியின் முன்னால் நாம் எல்லாரும் வெறுங்கையோடுதான் நிற்கிறோம்.

எனக்கு உதவியது வாட்டில் அடுத்த கட்டிலில் இருந்த கிண்ணியா ராத்தா. அவருக்கு இது மூன்றாவது தரம். நான் வீட்டுக்கு வந்த பிறகும் பின்னேரங்களில் கோல் எடுப்பார். "தங்கச்சி, சாப்பிட்டியா எண்டு நான் கேட்கமாட்டன். இண்டைக்கு எத்தனை தரம் எண்டு மட்டும் சொல்லு." அவ்வளவுதான். ஒருநாள் காலையிலிருந்து சிறுநீரே போகவில்லை என்றேன். "எட்டு மணித்தியாலம் ஆச்செண்டால் யோசிக்காத, வெளிக்கிடு" என்று அதட்டி அனுப்பினார். அன்று போயிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயம்.

பிரித்தானியாவில் பிரெக்னன்சி சிக்னஸ் சப்போர்ட் என்றொரு தொண்டு நிறுவனம் இதையேதான் செய்கிறது. இந்த நோயில் கிடந்து எழும்பிய பெண்களை, இப்போது கிடக்கும் பெண்ணோடு தொலைபேசியில் கோத்துவிடுகிறார்கள். அமெரிக்காவிலும் ஹெர் ஃபவுண்டேசன் என்று ஒன்று இருக்கிறது. இதற்குக் கட்டடம் தேவையில்லை, திறப்பு விழாவும் தேவையில்லை. அதனால்தானோ என்னவோ நம் ஊரில் யாருக்கும் இது தோன்றவில்லை.

வைத்தியசாலை இலவசம்தானே என்பீர்கள். இலவசம்தான், அதற்குக் கோவில் கட்டிக் கும்பிடலாம். ஆனால் வெருகலிலிருந்தோ ஈச்சிலம்பற்றிலிருந்தோ ஒருத்தி சேலைன் ஏற்ற டவுனுக்கு வர வேண்டுமென்றால்? பஸ்ஸில் சத்தி எடுத்துக்கொண்டு எத்தனை தரம் வருவாள்? புருசன் கடலுக்கோ கூலிக்கோ போகிறவர், கூட வந்தால் அன்றைய சம்பளம் இல்லை. மூத்த பிள்ளையை யார் பாலர் பாடசாலையில் விடுவது? வாட்டில் சிங்களத்தில் கேட்பதற்கு யார் பதில் சொல்வது? பொதி தருபவர்களே, பொதிக் காசில் பாதியை ஓட்டோவுக்குத் தாருங்கள். மற்றது, போய் அவள் வாளியைக் கழுவிக் கொடுங்கள். அதைப் படம் எடுத்துப் போட முடியாது, தெரியும்.

நாங்கள் மூன்று பேர் தொடங்கியிருக்கிறோம், மூன்று பேருமே கிடந்து எழும்பியவர்கள். சங்கமும் இல்லை, பெயரும் இல்லை. எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடம் நம்பர் கொடுத்திருக்கிறோம். மருந்து சொல்லமாட்டோம், அது டொக்டரின் வேலை. கோல் எடுப்போம், தேவையென்றால் கூடப் போவோம். கிண்ணியாப் பக்கமும் மூதூர்ப் பக்கமும் யாராவது சேர்ந்தால் நல்லது. சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும்.

ஓட்டோ ஓடுகிற தம்பிமார் யாரும் வாசித்தால் இன்பாக்ஸில் வாருங்கள், காசு தருவோம். ஒன்றே ஒன்று, கண்ணாடியில் தொங்கும் அந்த எயார் பிரெஷ்னரைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.