தங்கவயலுக்கு நீராவி ரயில் எதுவும் இல்லை

கர்நாடகத்தில் தங்கச் சுரங்கங்கள் இருந்த கோலார் தங்கவயலைப் பற்றி ஒருவர், “தங்கவயலுக்குப் பழைய நீராவி ரயிலைப் புதுப்பித்து ஓட்டுகிறார்கள், சுரங்கத்துக்குள்ளேயே இறக்கிவிடும்” என்று எழுதியிருக்கிறார். இல்லீங்க. பாதை பழசு என்பது சரி. பங்காருப்பேட்டையிலிருந்து தங்கவயலில் இருக்கிற மாரிக்குப்பத்துக்கு 1894இல் போட்டது. ஆனால் அதில் ஓடுவது பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோகிறவர்களின் சாதாரண ரயில்தான். காலையில் ஜன்னல் சீட்டெல்லாம் கனவு. சுரங்கமும் 2001 பிப்ரவரியில் மூடியாச்சு. 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குள் யாரை இறக்கிவிடுவார்கள்?

போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ரயில் உரிகம் நிலையம் தாண்டியதும் வலப்பக்கம் இடப்பக்கம் பார்க்காமல் கொஞ்சம் உட்காருங்கள். சாம்பல் நிறத்தில் சயனைடு மண்மேடுகள் (தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண்) தானாகக் கண்ணில் படும். மாரிக்குப்பத்தில் இறங்கினால் டீக்கடையில் தமிழிலேயே வழி கேட்கலாம். காற்றடிக்கும் நாளில் மட்டும் மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.