ஆலோசகர் வேறு, தளபதி வேறு

'முப்படைகளும் இனி முப்படைத் தலைமைத் தளபதியின் உத்தரவுப்படிதான் நகரும்' என்று, முப்படைகளையும் பகுதிவாரியாக ஒரே கட்டளையகத்தின் கீழ் கொண்டுவரும் திட்டம் பற்றிய உங்கள் கட்டுரையில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அப்படியில்லை சார். 2019இல் அந்தப் பதவியை அறிவித்தபோதே, மூன்று படைத் தளபதிகள் மீது அவருக்குக் கட்டளை அதிகாரம் கிடையாது என்று அரசு தெளிவாகச் சொல்லிவிட்டது. அவர் அரசின் ராணுவ ஆலோசகர், ராணுவ விவகாரத் துறைச் செயலர்.

படைக்கொரு கட்டளையகம் என்ற இன்றைய முறையில் சிக்கல் எங்கே என்று பார்க்க கிழக்குப் பக்கம் மட்டும் போதும். தரைப்படையின் கிழக்குக் கட்டளையகம் கொல்கத்தாவில், விமானப்படையுடையது ஷில்லாங்கில், கடற்படையுடையது விசாகப்பட்டினத்தில். நாடு முழுக்க இப்படி 17. சீனாவோ 2016லேயே நம் எல்லை முழுவதையும் ஒரே மேற்குக் கட்டளையகத்திடம் ஒப்படைத்துவிட்டது.

அதற்காக இந்தத் திட்டத்தில் விமானப்படைக்கு இருக்கும் தயக்கத்தை வெறும் ஈகோ என்று தள்ளிவிட முடியாது. அனுமதி 42 ஸ்குவாட்ரன் (போர் விமான அணி), கையில் இருப்பதோ சுமார் 30. இதையும் ஒவ்வொரு கட்டளையகத்துக்கும் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தால், காலையில் லடாக்கில் நிற்கும் விமானம் மாலையில் ராஜஸ்தானுக்குத் தேவைப்படும்போது யார் யாரிடம் கேட்பது? அதற்குக் கட்டுரையில் பதிலே இல்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. 2021 டிசம்பர் 8 குன்னூர் ஹெலிகாப்டர் விபத்தில் முதல் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் இறந்தார். அந்த நாற்காலியில் அனில் சவுகான் அமர்ந்தது 2022 செப்டம்பர் 30. ஏறக்குறைய பத்து மாதம் காலி! அவ்வளவு அவசரப் பதவியாம்.

அந்தமானில் 2001இலேயே முப்படைக்கும் ஒரே கட்டளையகம் தொடங்கினார்கள். அந்த அனுபவம் என்ன சொல்கிறது என்று அடுத்த கட்டுரையில் எழுதுங்கள்.