"எல்லா தலைக்கும் சேரும்"னு குல்லா பேட்டர்ன் போடுறவங்களே, கேஜ் எங்க?

எந்த குல்லா பேட்டர்ன எடுத்தாலும் "96 கண்ணி ஏத்துங்க, ரவுண்டா பின்னுங்க, எல்லா தலைக்கும் சேரும்"னு ஒரே பல்லவி. என்ன நூல், எத்தனாம் நம்பர் ஊசி, 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி வரணும் (இதான் கேஜ்), யார் தலைக்கு, ஒரு எழவும் கிடையாது. கேட்டா "உல்லன் தானே, இழுத்தா வரும்"னு ஒரு பதில் வரும் பாருங்க, பத்திக்கிட்டு வருது எனக்கு.

கணக்கு போட்டுப் பாருங்க. தலை சுத்தளவு 56 செ.மீ.ன்னு வச்சுக்கங்க. குல்லா தலைய கவ்விப் பிடிக்கணும்னா அதைவிட 5 முதல் 8 செ.மீ. வரைக்கும் சின்னதா இருக்கணும், இழுபட்டு நின்னாத்தான் நிக்கும். 10 செ.மீ.க்கு 20 கண்ணி விழுற கைக்கு அந்த 96 கண்ணி 48 செ.மீ. வரும், அம்சமா உக்காரும். 18 விழுற கைக்கு 53 செ.மீ. தாண்டிடும், போட்டு ரெண்டு நாள்ல தொளதொளன்னு ஆயிடும். 22 விழுற இறுக்கமான கைக்கு 44கூட வராது, நெத்தியில கோடு விழுந்து தலைவலியே வந்துடும். ரெண்டு கண்ணி முன்னபின்ன இருந்தாலே இந்த கதி, இதுல கேஜே போடாம எல்லா தலைக்கும் சேரும்னு எந்த தைரியத்துல எழுதுறீங்க?

எங்கப்பாவுக்கு பேட்டர்ன்ல இருக்கறத அச்சுப் பிசகாம பின்னிக் குடுத்தேன். ஊட்டியில ஜனவரி மாசம் புல்லு மேல உறைபனி வெள்ளையா படிஞ்சு கிடக்கும், அந்த குளிர்ல அவர் பால் வாங்கப் போறார், ஒரு கையில தூக்கு, இன்னொரு கையால மூக்குக்கண்ணாடி மேல எறங்குற குல்லாவ தள்ளித் தள்ளி விட்டுக்கிட்டே நடக்கறார். பாக்கவே வயிறெரியுது. அவர் வாயத் திறந்து ஒன்னும் சொல்லல, நல்லாருக்கும்மான்னு சொல்லிட்டார், அதான் இன்னும் கோவம்.

சரி, கேஜ் போடுற புண்ணியவான்களாவது ஒழுங்கா சொல்றாங்களா? "சின்னதா ஒரு சதுரம் பின்னி அளந்துக்கங்க"ன்னு முடிச்சிடறாங்க. சதுரத்த திருப்பித் திருப்பி பின்னும்போது ஒரு வரி நிட் (சாதா கண்ணி), ஒரு வரி பர்ல் (அதையே பின்பக்கமா போடுற கண்ணி), நிறைய பேருக்கு பர்ல் வரி கொஞ்சம் லூசா விழும். ரவுண்டுல பின்னினா எல்லாமே நிட் தான், அளவே மாறிடும். ரவுண்டுக்கு சாம்பிள் பின்ற விதமே வேற: ஒரு வரி முடிஞ்சதும் திருப்பாம, கண்ணிய ஊசியோட மறுமுனைக்கு தள்ளி, நூல பின்னாடி தொங்கலா விட்டு இழுத்துட்டு வந்து மறுபடி நிட் போடணும், அப்புறம் நனைச்சு காயவச்சு அளக்கணும், ஏன்னா சில கம்பளி நூல் தண்ணி பட்டதும் தாராளமா விரியும். இத சொல்ல ரெண்டு வரி போதாதா?

உச்சி பக்கம் வந்தா இன்னும் மோசம். "கண்ணிய குறைச்சு மூடிடுங்க." எப்படிங்க குறைக்கறது? 96ஐ எட்டு பாகமா பிரிச்சு பாகத்துக்கு ஒன்னா குறைச்சு, நடுவுல குறைக்காம ஒரு சாதா சுத்து விட்டு பின்னினா உச்சி வட்டமா வரும். அவசர அவசரமா குறைச்சா சுருக்குப்பை மாதிரி மடிப்பு மடிப்பா நிக்கும், இழுத்தடிச்சா கூம்பிடும். அதோட 40 செ.மீ. சர்க்குலர் ஊசில (ரெண்டு முனையும் ஒரு வயர்ல சேந்த ஊசி) கண்ணி குறையக் குறைய சுத்தி எட்டாது, ரெண்டு பக்கமும் கூரா இருக்கற அஞ்சு ஊசி செட்டு வேணும், இல்ல 80 செ.மீ. சர்க்குலர் ஊசில மேஜிக் லூப் (மிச்ச வயர வளையமா வெளிய இழுத்து விட்டுட்டு பின்ற முறை) போடணும். அத ஆரம்பத்துலயே சொல்லித் தொலைச்சா கடைக்கு போறப்பவே சேத்து வாங்கிருப்போம்ல, பாதி குல்லா ஊசில தொங்கிட்டு இருக்கும்போது ராத்திரி பத்து மணிக்கு எந்த கடைய போய் தட்டுறது?

கம்பளி நூல் ஒன்னும் சும்மா வரல. ராத்திரி ராத்திரி உக்காந்து பின்றவங்க கண்ணும் கழுத்தும் சும்மா வரல. கேஜ் போடுங்க, ஊசி அளவு போடுங்க, முடிஞ்ச குல்லாவோட சுத்தளவ செ.மீ.ல போடுங்க. முடியாதுன்னா ஃபோட்டோவ மட்டும் போட்டுட்டு போங்க, பேட்டர்ன்னு பேர் வைக்காதீங்க.