எடை கம்மியா பொறந்தா உடனே அம்மா மேல பழியா?

குழந்தை ரெண்டரை கிலோவுக்குக் கீழ பொறந்துட்டா போதும், "ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டா", "ஒரு இடத்துல உக்காந்தாதானே"ன்னு ஆளாளுக்கு ஆரம்பிச்சிடறாங்க. சாப்பாடு, ரத்தசோகை, பிரஷர் எல்லாம் காரணம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்சனிக்னு உடம்புக்கு விஷமான ஒரு கூட்டமே இருக்கு, வயித்துல இருக்கற குழந்தையோட வளர்ச்சிய இதுங்களும் கெடுக்கலாம், அதப் பத்தி செக்கப்புல பெரும்பாலும் ஒரு கேள்வி கூட வர்றதில்ல, எனக்குக் கடுப்பே அதுதான்.

ஈயத்தையே எடுத்துக்கோங்க. உடம்பு அதையும் கால்சியம்னு நெனச்சு எலும்புல கொண்டுபோய் வெச்சுடும். பெரியவங்க உடம்புல இருக்கற ஈயத்துல 90 சதவீதத்துக்கு மேல எலும்புலதான், வருஷக்கணக்கா அப்படியே கெடக்கும். கர்ப்பத்துல குழந்தையோட எலும்பு வளர கால்சியம் வேணும், சாப்பாட்டுல வர்றது பத்தலன்னா அம்மா எலும்புல இருந்து கரைஞ்சு போகும், கூடவே அந்தப் பழைய ஈயமும் ரத்தத்துக்கு வந்துடும், நஞ்சுக்கொடி அத தடுக்கறதும் இல்ல. அதாவது சின்னப் பொண்ணா இருந்தப்ப உள்ள போன, ஈயம் கலந்த பெயின்ட் தூசிக்கு இவ இப்போ பேச்சு வாங்கறா!

காட்மியம் வேற ரகம். பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலயே தங்கிடும், ஆனா அங்க உக்காந்துக்கிட்டு குழந்தை வளர வேண்டிய ஜிங்க் சத்துக்கு வழி மறிக்கும், எடை அடிபடறதுக்கு அதுவும் ஒரு காரணம். சிகரெட் புகையில இது இருக்கு, பக்கத்துல ஊதிட்டு "நல்லா சாப்பிடும்மா"ன்னு அட்வைஸ் பண்றவங்க கவனிக்க. பாதரசம் எடைய விட மூளையத்தான் குறி வைக்கும். ஜப்பான்ல மினமாட்டாங்கற ஊர்ல தொழிற்சாலைக் கழிவுல இருந்த பாதரசம் மீன் வழியா ஜனங்க உடம்புக்குள்ள போச்சு, அந்த நோய் 1956ல வெளிய வந்துச்சு, அங்க பல அம்மாக்களுக்குப் பெருசா ஒண்ணும் தெரியல, குழந்தைகள் மோசமா பாதிக்கப்பட்டுப் பொறந்தாங்க.

இதுல யாருமே பேசாதது வீட்டுக்காரரோட வேலை. பேட்டரி பிரிக்கறவர், பழைய பெயின்ட் சுரண்டறவர் சட்டையக் கழட்டிப் போடுவார், பாக்கெட் மடிப்புல, காலர்ல சாம்பல் நிறத்துல ஈயத் தூசி ஒட்டியிருக்கும், அத உதறி ஊற வைக்கறது யாரு, மாசமா இருக்கறவதான். வேலை செய்ற எடத்துலயே குளிச்சு டிரஸ் மாத்திட்டு வர வசதி பண்றது முதலாளி பொறுப்பு, அதையும் இவ தலையில கட்டாதீங்க.

இதப் படிச்சிட்டு யாரும் பயந்துபோய் ஆன்லைன்ல விக்கற டீடாக்ஸ் பவுடர வாங்கிடாதீங்க, சிலதுல ஈயமே இருந்திருக்கு. ஈயம் இருந்தா எடை கண்டிப்பா குறையும்னும் இல்ல, ஆளுக்கு ஆள் மாறும். ஆனா பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு இதுவரைக்கும் தெரியல. ரத்தத்துல ஈயம் டெசிலிட்டருக்கு (அதாவது 100 மில்லிக்கு) 5 மைக்ரோகிராமோ அதுக்கு மேலயோ இருந்து, கால்சியமோ இரும்போ பத்தாத கர்ப்பிணின்னா பத்தாததக் குடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2021லயே சொல்லிடுச்சு. மாத்திரை எழுதிக் குடுக்கறீங்க சரி டாக்டர், அப்படியே முதல் விசிட்லயே "நீங்க என்ன வேலை, அவர் என்ன வேலை, தண்ணி எங்கேர்ந்து வருது, வீட்ல பழைய பெயின்ட் உரியுதா"ன்னு கேட்டுட்டு, சந்தேகம் இருந்தா ஒரு ரத்த டெஸ்ட் எழுதறதுக்கு எவ்ளோ நேரம் ஆகிடப் போகுது?