படம் மெதுவா? வாசிப்பைக் கேளுங்கள்

'ரவுண்ட் மிட்நைட்' (1986) என்ற படத்தைப் பற்றிய ஒரு கட்டுரையில், அது மெதுவாக நகர்கிறது என்று குறைப்பட்டிருக்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. படத்தில் பாரிஸில் தடுமாறும் ஜாஸ் கலைஞராக நடித்த டெக்ஸ்டர் கோர்டன் நிஜத்திலேயே பெரிய டெனர் சாக்ஸபோன் வித்வான். பல வருடம் ஐரோப்பாவில் வாழ்ந்தவர். கச்சேரிக் காட்சிகளைப் படப்பிடிப்பிலேயே நேரடியாகப் பதிவு செய்தார்கள். அதனால்தான் விரலும் மூச்சும் பிசகவில்லை. படத்துக்கு இசையமைத்த ஹெர்பி ஹான்காக்குக்கு அதற்காக ஆஸ்கர் கிடைத்தது.

கோர்டன் தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கியே வாசிப்பார், அது தளர்ச்சி அல்ல. படத்தின் நிதானமும் அப்படித்தான். சாக்ஸபோனின் கீழ் ஸ்வரங்களில் தாடையைத் தளர்த்திக் காற்றைக் கூட்ட வேண்டும். இறுக்கிக் கடித்தால் ஸ்வரம் மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும். வாயில் வைத்து ஊதும் இடத்தில் அதிரும் நாணல் பட்டையான ரீடு காய்ந்தால் கீச்சிடும். நம் பாலக்காட்டுத் திருவிழாக்களில் நாகஸ்வரக்காரர் தன் வாத்தியத்தின் ரீடான சீவாளியை நனைத்துக்கொள்வதும் இதற்காகத்தான்.

பாலக்காட்டின் சித்தூர், கொல்லங்கோடு பக்கம் இந்தப் படத்தைத் திரையிட நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒலிபெருக்கியில் பாஸை (அடி ஒலியை) ஏற்றி வைக்காதீர்கள், ஸ்வரத்தோடு வரும் காற்றுச் சத்தம் அமுங்கிவிடும். முதல் கச்சேரிக் காட்சியை ஓட்டி, கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டு ஒலியளவை வையுங்கள். ஃபேன் இரைச்சலையும் கவனியுங்கள்.